ஒற்றைக்கல் மேட்டு ஞாயிறுகள்

செப்டம்பர் 28, ஞாயிறு

வத்சலா காலை 6.40க்குப் புறப்பட்டாள். 11.25க்குத் திரும்பினாள். இது ஏழாவது ஞாயிறு.

மே மாதக் கடைசியில் அவள் அரசு மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்றாள். முப்பத்து மூன்று வருடம் நர்ஸ் வேலை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வீட்டில் இருந்தாள். ஆகஸ்டில் நடக்கப் போகிறேன் என்றாள். கோத்தகிரி கடைவீதியிலிருந்து போஜனின் ஜீப்பில் எஸ்டேட் கேட் வரை. அங்கிருந்து ஒற்றைக்கல் மேட்டுக்கு இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம். முதலில் தேயிலை, நடுவில் சோலைக்காடு, மேலே புல்வெளி. உச்சியில் ஒரே ஒரு பாறை. அதைப் பற்றி நான் எழுதியதில்லை. அங்கே எந்தச் செய்தியும் நடந்ததில்லை.

"நானும் வரட்டுமா?" என்று முதல் வாரமே கேட்டேன். "உங்களுக்கு மூச்சு வாங்கும்" என்றாள்.

இன்று கேட்டேன்: "யாரோட போன?"

"யாரு வருவா?"

கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. முப்பத்தாறு வருடம் மாவட்டச் செய்தியாளனாக இருந்தவனுக்கு இது தெரியும். சொல்ல விரும்பாத அதிகாரிகள்தான் இப்படிப் பேசுவார்கள்.

மதியம் பீன்ஸ் பொரியல், ரசம். அவள் இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காய்கறிக் கடையில் ராஜரத்தினத்தைப் பார்த்தேன். கல்லூரியில் தாவரவியல் எடுத்தவர். ஊரில் புரொபசர் என்றால் அவர்தான். மனைவி இறந்து நான்கு வருடம். கையில் தடி. மெருகேற்றிய, வெள்ளிப் பூண் போட்ட தடி. மிடுக்குக்காக வைத்திருக்கிறார்.

"சிஸ்டர் நல்லா நடக்கிறாங்க போல" என்றார். "நல்ல விஷயம் சார். எல்லாராலயும் முடியாது."

அவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. அரைக்கிலோ கேரட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

போனது 6.35. ஐந்து நிமிடம் முன்னதாக.

9.10க்கு இங்கே மழை பிடித்தது. முக்கால் மணி நேரம் நல்ல கனத்த மழை. வத்சலா 11.50க்கு வந்தாள். குடை நனைந்திருந்தது. அவள் நனையவில்லை. சேலையின் கீழ்க்கரை மட்டும் ஈரம்.

"மழையில என்ன பண்ணுன?"

"ஒதுங்கி நின்னேன்."

"எங்க?"

"ஒதுங்குற எடத்துல."

கைக்குட்டையில் இரண்டு பூக்கள் கொண்டுவந்திருந்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். காட்டுக் காசித்தும்பையாம். அதில் இரண்டு வகையாம், ஒன்றுக்கு வால் நீளமாம். முப்பத்திரண்டு வருடத்தில் இவள் ஒரு பூவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மல்லிகையைக் கூடப் பூ என்றுதான் சொல்வாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"தெரியும்" என்றாள். பாத்திரம் கழுவப் போனாள். கழுவும்போது ஏதோ நினைத்துத் தனக்குள் சிரித்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அவளுக்கு நான் பார்த்தது தெரியாது.

அக்டோபர் 6, திங்கள்

தாவரவியல். ராஜரத்தினம் முப்பத்தொரு வருடம் அதைத்தான் பாடம் எடுத்தார்.

அக்டோபர் 8, புதன்

தொழிலில் எனக்கு அதிகம் கைகொடுத்த முறை ஒன்று உண்டு. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வது. "நாலு வீடு இடிஞ்சுதாமே" என்றால் தாசில்தார் பதறிப்போய், "யார் சொன்னது? ரெண்டுதான்" என்பார். எண் கிடைத்துவிடும். "எத்தனை வீடு?" என்று கேட்டிருந்தால் மாலை வரை உட்கார வைத்திருப்பார். மனிதர்களுக்கு விடை சொல்வதைவிடத் தவறைத் திருத்துவது பிடிக்கும்.

காலையில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். போஜன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கூட இரண்டு டிரைவர்கள்.

"என்ன போஜன், சிஸ்டரும் புரொபசரும் ஞாயித்துக்கிழமை உங்க வண்டியிலதான போறாங்க?"

போஜன் துணியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள்.

"அப்படிங்களா சார்?"

"தெரியாதா உங்களுக்கு?"

"நம்ம வண்டியில சிஸ்டர் மட்டுந்தான் ஏறுவாங்க. புரொபசர் முன்னாடியே வேற வண்டி புடிச்சுப் போயிருவாரோ என்னமோ. நாம எதுக்குங்க சார் அதெல்லாம்."

மறுக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

எந்தச் செய்திக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். எஸ்டேட் கேட்டில் பாக்கியம் என்கிற அம்மாள் டீக்கடை வைத்திருக்கிறார். தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு. ஒற்றைக்கல்லுக்குப் போகிற யாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சரக்கு வாங்க ஊருக்குள் வருவார். மளிகைக் கடை வாசலில் பிடித்தேன்.

"எங்க வீட்டம்மாவும் புரொபசரும் வாராவாரம் உங்க கடையிலதான் டீ குடிக்கிறாங்களாமே."

கடைக்காரர் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு நின்றது.

பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்க சார். அங்க மஞ்சு வேற மூடிக்கும்" என்றார். தராசு முள்ளைப் பார்த்து, சர்க்கரை குறைகிறது என்று கடைக்காரரிடம் சொல்லிப் போட வைத்துப் பையை எடுத்தார்.

இருவரும் மறுக்கவில்லை. கண் தெரியாதவருக்குச் சர்க்கரை எடை மட்டும் சரியாகத் தெரிந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

6.40 - 11.35.

அவள் போன பிறகு துணி துவைத்தேன். மாவு ஆட்டினேன். எட்டு மணிக்கு வெயில், எட்டரைக்கு மூடுபனி, ஒன்பதுக்கு மறுபடி வெயில். சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மலை தெரியாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நின்றால் தோள் மட்டும் தெரியும். மூன்று முறை ஏறிப் பார்த்தேன். துணி காயப்போடவும் ஏற வேண்டியிருந்தது.

வந்தபோது முகம் அப்படி இருந்தது. எப்படி என்று எழுத வேண்டுமானால், கழுவின முகம் போல. ஒரு நிலச்சரிவின்போது நான் பதினோரு நாள் வீட்டுக்கு வராமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது கதவைத் திறந்து, "சாப்பாடு இருக்கு" என்றாள். இந்த முகம் அன்றைக்கு இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த வருடங்களில் அவள் ஒருமுறை கூட என்னை "யாரோட போனீங்க?" என்று கேட்டதில்லை. நம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

தபால் நிலையம் அருகே ராஜரத்தினம் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் தடியை ஊன்றிச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். வண்டி வருவதைக் கூடப் பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

அக்டோபர் 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகல் 12.15க்கு வத்சலா மருத்துவமனையிலிருந்து வந்தாள். பழைய தோழி ஸ்டெல்லாவைப் பார்க்கப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கூடத்தில் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்டெல்லா கேக்குறா, புரொபசரோட வாக்கிங் எப்படிப் போகுதுன்னு."

கையிலிருந்த பேப்பரை மடித்தேன்.

"அவளுக்கு யார் சொன்னதுன்னு கேட்டேன். வீட்டுக்காரராம். அவருக்கு ஜீப் ஸ்டாண்டுல சொன்னாங்களாம். ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். போஜன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. 'சாரே வந்து சொன்னாருங்க சிஸ்டர், அதான் நம்புனோம்'ங்கிறாரு. எந்த சாருன்னு கேட்டேன். நம்ம வீட்டுப் பக்கம் கை காட்டுறாரு."

அவள் குரலை உயர்த்தவில்லை. வார்டில் நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"எத்தன பேருகிட்டப் போனீங்க?"

"ரெண்டு."

"பக்கத்துல எத்தன பேரு இருந்தாங்க?"

"மூணு."

"என்னன்னு கேட்டீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

சொன்னேன்.

"இது கேள்வியா?"

"அப்படித்தான் கேக்கணும் வத்சலா. அப்பத்தான் அவங்க..."

"இது கேள்வியான்னு கேட்டேன்."

தாசில்தாருக்கு எத்தனை வீடு என்று தெரியும். அதனால் திருத்தினார். போஜனுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவனிடம் சொன்னால் அவன் திருத்த மாட்டான், வாங்கிக்கொள்வான். அதிலும் நான் சொன்னால். இந்த ஊரில் ரிப்போர்ட்டர் சொன்னால் அது அச்சில் வந்த மாதிரி. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டேனே. யாரு வருவான்னு சொன்ன."

"ஆமா. யாரு வருவா? யாருமே வரல. அதுதானங்க பதிலு."

எழுந்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இந்த ஊர்ல முப்பத்திமூணு வருஷம் ஊசி போட்ட கை. நைட் டூட்டி பாத்திருக்கேன், தனியா நடந்து வந்திருக்கேன். ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல. சொல்றதுக்குப் புருஷன் வேண்டியிருக்கு."

மாலை ரவா உப்புமா. நான் செய்தேன். அவள் சாப்பிடவில்லை. உப்பு சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

போகவில்லை. ஆறு மணிக்கு எழுந்தாள், குளித்தாள், சமையலறை அலமாரிகளைக் காலி செய்து துடைத்தாள். 11.25 வரை துடைத்தாள். நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். நான் விரும்பியது இதைத்தான்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி நேற்று முன்தினம் வந்து போனது. பேசுகிறாள்: பால் வந்துவிட்டது, காஸ் முடியப்போகிறது, கதவைச் சாத்துங்கள்.

"ஞாயித்துக்கிழமை போகலாமே" என்றேன்.

"போனா ஜீப்புல அஞ்சு பேரு என் பின்னால யாரு வர்றாங்கன்னு பாப்பாங்க. இறங்குனா யாரு நிக்கிறாங்கன்னு பாப்பாங்க. எனக்கு வேண்டாங்க."

அக்டோபர் 24, வெள்ளி

தவறான செய்தி போட்டால் திருத்தம் போட வேண்டும். திருத்தம் எப்போதும் ஏழாம் பக்கத்தில் கீழே வரும். முதல் பக்கத்தைப் படித்தவர்களில் பத்தில் ஒருவர் அதைப் படிப்பார். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

ஜீப் ஸ்டாண்டு: போஜனும் அதே இரண்டு பேரும். நான் சொன்னது பொய், என் மனைவி தனியாகத்தான் போகிறாள், நானாகக் கற்பனை செய்தேன் என்றேன். ஒரு டிரைவர் கீழே பார்த்துச் சிரித்தான். "சரிங்க சார், விடுங்க" என்றார் போஜன். நம்பினாரா தெரியவில்லை. அவமானத்தை மறைக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

மளிகைக் கடை: கடைக்காரர், "எனக்கு எதுவும் காதுலயே விழல சார்" என்றார்.

ராஜரத்தினம் வீடு: அவரே வந்து கதவைத் திறந்தார். திறக்க நேரமானது. தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து வந்தார். சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"சார், போன வருஷம் ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மூணு மாசம் கட்டுப் போட்டு விட்டது உங்க வீட்டம்மாதான். என் வீட்டுப் படி நாலு. அதுல எறங்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். ஒற்றைக்கல்லு!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இந்த ஊர்ல நடக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

டீ தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பாக்கியம் இன்று ஊருக்குள் வரவில்லை. பாக்கி அவர் ஒருவர்.

அக்டோபர் 26, ஞாயிறு

வத்சலா எழுவதற்கு முன் புறப்பட்டேன். 6.20. போஜன் வண்டியில் ஏற்றிக்கொண்டார், வழியில் ஒன்றும் பேசவில்லை. 7.25க்கு எஸ்டேட் கேட். நல்ல வெயில்.

பாக்கியம் அடுப்புக்கு முன்னால் இருந்தார். சொன்னேன்.

"அது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சார்."

"அப்புறம் ஏன் அங்கயே சொல்லல?"

"நீங்க பேப்பர்காரரு. உங்ககிட்ட நாம ஒண்ணு சொன்னா அது வேற ஒண்ணா வரும். அதான் கண்ணு தெரியலன்னுட்டேன்." டீயை நீட்டினார். "சிஸ்டர் ஏன் ரெண்டு வாரமா வரல? நீங்கதான் காரணமா?"

"ஆமா."

"பாவி" என்றார், சாதாரணமாக, சர்க்கரை போதுமா என்று கேட்பது போல.

பிறகு அவராகவே பேசினார். மழை வந்த அன்று வத்சலா இந்தக் கொட்டகையில்தான் ஒதுங்கினாள். காசித்தும்பையில் இரண்டு சாதி என்று சொன்னது இவர்தான். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வத்சலா சிரிப்பாளாம், டாக்டர்கள் பேசுகிற மாதிரியெல்லாம் பேசிக் காட்டுவாளாம். எனக்கு ஒரு டாக்டரையும் பேசிக் காட்டியதில்லை.

"மேல போய் என்னதான் பண்ணுவீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். 'ஒண்ணும் பண்ண மாட்டேன் பாக்கியம், அதுக்குத்தான் போறேன்'னாங்க."

வேலை முடிந்துவிட்டது. போஜன் எட்டு மணிக்குத் திரும்புகிறார். அதில் நான் திரும்பியிருக்கலாம். 7.50க்கு ஏறத் தொடங்கினேன்.

"சார், மேல போறீங்களா?" என்று பாக்கியம் பின்னாலிருந்து கத்தினார். "மஞ்சு எறங்குனா நின்ன எடத்துலயே நில்லுங்க. காட்டுமாடு இருக்கும். சிஸ்டரு விசிலடிப்பாங்க, நான் கேட்டுட்டு இங்கருந்து தட்டு தட்டுவேன். அந்தச் சத்தத்தப் புடிச்சு எறங்கிருவாங்க. உங்களுக்கு விசில் வருமா?"

"வராது."

"சிஸ்டரு அப்படி அடிப்பாங்களே, ரெண்டு வெரல வச்சு! வீட்டுல அடிச்சதில்லயா?"

நான் நடந்தேன்.

தேயிலைக்குள் இருபத்தைந்து நிமிடம். வெயில் முதுகில் விழுந்தது. சோலைக்காட்டுக்குள் நுழைந்ததும் குளிர் பிடித்தது. மரங்களில் பாசி, கீழே ஓடை. வாலுள்ள காசித்தும்பை, வால் இல்லாதது இரண்டும் இருந்தன. நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் சொன்னது சரிதான். புல்வெளிக்கு வந்தபோது 8.40. மேகம் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தது, மறுபக்கம் வானம் திறந்திருந்தது. காற்றில் சட்டை படபடத்தது. எதிரில் யாரும் வரவில்லை. வழி நெடுக எங்கும் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ஒற்றையடிப் பாதை.

8.55க்கு உச்சி. பாறையின் கிழக்குப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்காரும்படி ஒரு பள்ளம். ஒருவருக்குப் போதும். சாணால் அளந்தேன்: இரண்டு சாண், நான்கு விரல். இருவர் உட்கார முடியாது. எல்லாம் தெரிந்த பிறகும் அளந்தேன்.

அதில் உட்கார்ந்தேன். கீழே பவானிசாகர் நீர் தட்டையாக மின்னியது. ஒன்றும் செய்யாமல் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். நேரம் பார்த்தேன், காற்று எந்தத் திசை என்று பார்த்தேன், மேகம் வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். நான்கு நிமிடம் கூட முடியவில்லை. போகிற, வருகிற நேரத்தைக் கழித்தால் அவள் இங்கே ஒன்றேகால் மணி நேரம் இருப்பாள்.

ஓர் ஆள் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆளுக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, போய்க் கதவைத் தட்டலாம். இது வெறும் பாறை. என்னிடம் இல்லாதது எதுவும் இதனிடம் இல்லை, இங்கே நான் இல்லை என்பதைத் தவிர.

9.10க்கு மேகம் வந்து மூடியது. கை நீட்டினால் விரல் மங்கல். இறங்கத் தொடங்கினேன். 9.20க்கு மழை. குடை கொண்டுவரவில்லை. புல்வெளி முடிகிற இடத்தில் பாதையைத் தவறவிட்டேன். இடப்பக்கம் ஏதோ பெரிய உடம்பு மூச்சு விடும் சத்தம். நின்றேன். விரல் வைத்து ஊதிப் பார்த்தேன், எச்சில்தான் வந்தது. "பாக்கியம்!" என்று கத்தினேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கீழே வலப்பக்கம் தட்டுச் சத்தம். டங், டங், நின்று, மறுபடி டங், டங். அதைப் பிடித்து இறங்கினேன். 10.40க்குக் கொட்டகை. அப்போது மறுபடி வெயில் அடித்தது.

"விசில் வருதான்னு காது குடுத்திட்டிருந்தேன். கொரங்கு கத்துற மாதிரி கேட்டுச்சு. சரி, நீங்கதான்னு தட்டுனேன்" என்றார் பாக்கியம்.

வீட்டுக்கு வந்தபோது 11.55. வத்சலா வாசலில் நின்றிருந்தாள். என் சட்டையையும் காலையும் பார்த்தாள். துண்டு எடுத்து வந்து கொடுத்தாள்.

"பாக்கியத்துக்கிட்டச் சொல்லப் போனேன். சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"அதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

"மேலயும் போனேன்."

"உச்சி வரைக்குமா?"

"ஆமா."

"அந்தக் கல்லுல உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்."

அவள் நிலைகுலைந்தவள் போல் நின்றாள். வதந்தி வந்த அன்று கூட அப்படி நிற்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாத எடம்னு எனக்கு அது ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றாள். "எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

தலையைத் துவட்டிக்கொண்டேன். மதியம் சாம்பார், முட்டைக்கோஸ். அவள் வைத்ததுதான்.

அக்டோபர் 29, புதன்

சளி, லேசான காய்ச்சல். 100.2. வத்சலா மாத்திரை கொடுத்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை எல்லா நெற்றியிலும் அப்படித்தான் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"உனக்கு விசிலடிக்க வருமாமே."

"யார் சொன்னது?" என்றாள். உடனே, "சரி, பாக்கியம்" என்றாள். அடித்துக் காட்டு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்தேன். வத்சலா புடவை கட்டிக் கிளம்பியிருந்தாள்.

"போயிட்டு வர்றேன்" என்றாள்.

"சரி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

வாசலில் நின்றேன். ஜீப் ஸ்டாண்டு இடப்பக்கம். அவள் வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் மூன்று பேருந்துகள் நிற்கும், மூன்று திசைக்கும் போகும். மூன்றிலும் மலைகள் இருக்கின்றன. படியை விட்டு நான்கடி இறங்கினால் அவள் ஏறும் பேருந்தின் பலகையைப் படித்துவிடலாம். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

கதவைச் சாத்தியும் பயனில்லை. வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. இந்த ஊரில் எந்த நேரத்தில் எந்தப் பேருந்து எடுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். எங்கே போகிறாள், எங்கே இறங்குவாள், எந்தக் குன்று, எல்லாம் தெரிந்துவிட்டது.

அதை இங்கே எழுதவில்லை.